கார்பன் கிரெடிட்டை நம்பிக் கன்று வாங்குவோர் கவனத்துக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையடிவார ஊர்களிலிருந்து எங்கள் நாற்றங்காலுக்கு வருகிறவர்களில் பலர் இப்போது முதலில் கேட்பது, "ஒரு கன்றுக்குக் கார்பன் பணம் எவ்வளவு வரும்?" என்றுதான். கன்றுக்கு ஒன்றும் வராது. பிழைத்து வளர்ந்த மரத்தை அளந்து, அது காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட கரியமில வாயுவைக் கணக்கிட்டு, டன்னுக்கு ஒரு கிரெடிட் (விற்றுக் காசாக்கக்கூடிய சான்று) என்று திட்டத்துக்குத் தருவார்கள்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றினால் 60 செ.மீ. காட்டும் மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 8 மீட்டர், கட்டையின் அடர்த்தி கன மீட்டருக்கு 700 கிலோ என்றால், மண்ணுக்கு மேல் அதன் உலர் எடை சுமார் 115 கிலோ. அதில் 47 சதவீதம் கரி (கார்பன்), அதாவது 54 கிலோ. கரியின் எடையைக் கரியமில வாயுவின் எடையாக மாற்ற 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 200 கிலோ. இப்படி ஐந்து மரம் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். வேரையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். நம் பக்கத்துச் சரளை நிலத்தில், மானாவாரியில், ஆச்சாவும் உசிலையும் இந்தப் பருமனுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

அதனால் எத்தனை கன்று நட்டோம் என்பதைவிட எத்தனை நின்றது என்பதே கணக்கு. 10-க்கு 10 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 435 கன்று போதும். வாங்கும்போது ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். நாள்பட்ட கன்றாக இருந்தால் ஆணிவேர் அடியில் வட்டம் போட்டுச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் ஓரிரு வருடம் பச்சையாக நிற்கும், பிறகு காற்றுக்குச் சாயும், கோடைக்குக் காயும். அடியில் சுருண்ட வேரை மட்டும் பிளேடால் நறுக்கிவிட்டு நடுங்கள். முழுக்கச் சுருண்டிருந்தால் அந்தக் கன்றே வேண்டாம், எங்களிடம் வாங்கியதானாலும் திருப்பிக் கொடுங்கள்.

சந்தனம் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உணவு எடுக்கும் மரம். பையிலேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ கூட இருக்க வேண்டும்; நிலத்தில் நிலைத்து நிற்கும் துணை மரமும் வேண்டும். தனியாக நட்டது வெளிறி, பிறகு பட்டுப்போகும்.

குழியை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதே ஆழத்தில், ஆடியிலேயே வெட்டி ஆற விடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் வேர் இறங்க உதவும். சரிவில் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகக் கரை போடுங்கள். நிலத்தில் களையாகப் பரவிய உண்ணிச்செடியை (லாண்டானா) மேலோடு வெட்டினால் மறுபடி தழையும். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ.யில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். நம் மண்ணுக்கே உரிய இயற்கைப் புதர்க்காட்டை மட்டும் அழித்து நடாதீர்கள். கடந்த 10 ஆண்டுக்குள் இயற்கைக் காட்டை அழித்த நிலத்தை, கார்பன் கிரெடிட் வழங்கும் சர்வதேசப் பதிவேடான வெர்ரா ஏற்பதில்லை. ஏற்றாலும் அது செய்யத் தகாத வேலை.

மேய்க்கால் புறம்போக்கில் நடுவதானால் ஆடுகள் எங்கே மேயும் என்று முதலில் பேசி முடியுங்கள். வேலி போட்டு அவற்றைப் பக்கத்துக் கரட்டுக்கு விரட்டினால், அங்கே அழிந்ததையும் தணிக்கையாளர் உங்கள் கணக்கில் கழிப்பார். மேய்ப்பவர் சம்மதிக்காத வேலி ஒரு கோடைகூட நிற்காது. மலைக் கிராமங்களில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை பெற்ற காடானால் கிராம சபையின் தீர்மானம் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

கார்பன் திட்டம் நடத்துவோர் தரும் ஒப்பந்தத்தில் நாலு இடத்தைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள்: உங்கள் பங்கு, அளவீட்டுச் செலவையும் தணிக்கைச் செலவையும் கழிப்பதற்கு முன்பா பின்பா; முதல் பணம் எந்த ஆண்டில்; பட்ட கன்றை மாற்றுவது யார் செலவு; பழம், புளி, விறகு யாருக்கு. தீ, வறட்சிக்கென்று கிரெடிட்டில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பது வழக்கம், அதன் சதவீதத்தையும் கேளுங்கள். வெர்ராவில் புதிதாகச் சேரும் மரநடவுத் திட்டத்தின் காலம் குறைந்தது 40 ஆண்டு. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

கன்று பதிவுக்கு வரும்போது சர்வே எண்ணையும், நிலத்தில் ஏற்கெனவே முளைத்து நிற்கும் மரங்களின் பெயர்களையும் எழுதி வாருங்கள். தானாக முளைத்தது இருந்தால் அந்த இடத்துக்குக் கன்று தர மாட்டோம்.

இப்படிக்கு,
நாற்றங்கால் குழுவினர்,
வேலூர் மாவட்டம்