முதிரைக் கதவுகளைப் புதுப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைப் புதுப்பித்துவரும் உரிமையாளர்களுக்கும், அப்பணியை ஏற்றுச் செய்யும் தச்சர்களுக்கும் வணக்கம்.

முன்னோர் முதிரை மரத்தால் செய்வித்த கதவுகளை இயந்திரத்தால் தேய்த்து, அவற்றின்மேல் தடித்த வார்னிஷ் பூசும் வழக்கத்தைக் கண்டு வருந்தியே இதை எழுதுகிறேன். வேலை முடிந்த கதவு கண்ணாடிபோலப் பளபளக்கிறது. ஆனால் அந்தப் பளபளப்பு பூச்சினுடையது, மரத்தினுடையதன்று.

மரம் என்பது நெடுக்காக அடுக்கப்பட்ட, உள்ளீடற்ற நுண்குழல்களின் கட்டு. கூரிய சீவுளி ஓடும்போது மேற்பரப்பிலுள்ள குழல்கள் பிளந்து, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத வாய்க்கால்களாகத் திறந்துகொள்கின்றன. அவற்றின் வழவழப்பான சுவர்களே ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. பலகையின் வெட்டுமுனை மங்கலாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்: அங்கே குழல்களின் வாய் நம்மை நோக்கித் திறந்திருப்பதால், உள்ளே புகுந்த ஒளியின் பெரும்பகுதி வெளியே மீள்வதில்லை.

முதிரையில் இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் இழைகள் சில காலம் ஒருபக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, பிறகு எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. இதனால் பலகையில் ஒரு பட்டை ஒளியைக் கண்ணுக்கு அனுப்ப, பக்கத்துப் பட்டை அதை வேறு திசைக்கு அனுப்பி இருண்டு நிற்கிறது. இரவில் கைவிளக்கை நிலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள். பிறகு கீழே பிடியுங்கள். வெளிறிய பட்டையும் இருண்ட பட்டையும் இடம் மாறும். பட்டுச் சேலையின் மடிப்பில் காணும் அதே மிளிர்வு இது. முதிரைக்கு ஆங்கிலேயர் இட்ட ‘சாட்டின்வுட்’ (satinwood) என்ற பெயரிலும் ‘சாட்டின்’ என்னும் பளபளப்பான பட்டுத்துணியே இருக்கிறது.

முரட்டு மணல் தாளை இழைக்குக் குறுக்கே ஓட்டினால், அந்த நுண்ணிய சுவர்கள் கிழிந்து நார்நாராகின்றன. அவற்றில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் மரம் வெளிறிப்போகிறது. அதன்மேல் வரும் தடித்த வார்னிஷோ தன் சமதளத்தாலேயே வெளிச்சத்தைத் தெறிக்கச்செய்து, எஞ்சிய பட்டைகளின் அசைவையும் மறைத்துவிடுகிறது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அப்படியன்று. அது குழல்களிலுள்ள காற்றை விலக்கி நிரம்புவதால், மேற்பரப்பில் ஒளி சிதறுவது குறைந்து நிறம் ஆழ்கிறது.

வெயிலும் மழையும் நேரே படும் வெளிக்கதவுக்கு வலுவான பூச்சு தேவைப்படலாம்; அதை நான் மறுக்கவில்லை. உள்வீட்டுக் கதவுகளிலாவது பழைய பூச்சைக் கையால், இழையின் போக்கிலேயே சுரண்டியெடுத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். முழுக் கதவிலும் கைவைப்பதற்கு முன், அதன் பின்புறத்து மூலையொன்றில் செய்து, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

அன்புடன்,
மரவேலையை நேசிக்கும் ஒருவர்