திட்டத்தைச் சொல்லலாம், சீட்டைக் காட்டக் கூடாது

ஆசிரியருக்கு,

நாடுகள் தங்கள் கிடங்கிலுள்ள அணுப்பொருளைக் குண்டு செய்ய ரகசியமாக எடுத்துவிடவில்லையே என்று பார்க்கும் சோதனை பற்றிய பேச்சில் இரண்டு வாதங்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, 'கிடங்கில் பாதியைக்கூடப் பார்க்கவில்லையே' என்ற குறை. மற்றொன்று, 'சோதனை முறையை வெளியே சொல்வது திருடன் கையில் சாவி கொடுப்பதாகாதா' என்ற அச்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் நிற்காது.

இந்தச் சோதனைகளை நடத்தும் சர்வதேச அணுசக்தி முகமை, ஒரு குண்டு செய்யப் போதக்கூடிய அளவாக 8 கிலோ புளூட்டோனியத்தை வைத்துக்கொள்கிறது. தலா 2 கிலோ கொண்ட 200 கலன்கள் இருக்கின்றன என்போம். 8 கிலோவைக் கடத்த 4 கலன்களைக் காலி செய்ய வேண்டும். அந்த நான்கில் ஒன்றாவது சிக்க 90 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், குலுக்கல் முறையில் 87 கலன்களைச் சோதித்தால் போதும்.

கடத்துபவரும் கணக்குத் தெரிந்தவர்தான். கலனுக்கு 40 கிராம் வீதம் எல்லாவற்றிலும் சுரண்டினாலும் அதே 8 கிலோ. காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கும் கருவிக்கு இந்த 2 சதவீதக் குறைவு தெரியாது. அதனால்தான் பல கலன்களை மேலோட்டமாகவும், சிலவற்றைத் துல்லியமாகவும் அளக்கிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் காட்டும் தற்செயல் பிழை, அளவீடுகள் கூடக்கூடச் சராசரியில் கரையும். தராசே தவறாகத் தரப்படுத்தப்பட்டிருந்தால் அந்தப் பிழை ஆயிரம் முறை அளந்தாலும் அப்படியே நிற்கும். ஜப்பானின் ரொக்காஷோ மறுசுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்குச் சுமார் 8 டன் புளூட்டோனியம் பிரிக்கும் திறனோடு வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய ஆலையில் ஒரு சதவீதப் பிழை என்றால் 80 கிலோ, பத்துக் குண்டுகளின் அளவு! பொருள் கணக்கை மட்டும் நம்பாமல் முத்திரையும் கேமராவும் வைப்பது இதனால்தான்.

சரி, கணக்கில் சிறு குறைவு தெரிந்தாலே எச்சரிக்கை எழுப்பும்படி வரம்பை இறுக்கிவிட்டால்? ஒவ்வொரு சோதனையிலும் பொய் எச்சரிக்கைக்கு 5 சதவீத வாய்ப்பு என்றால், முற்றிலும் நேர்மையான நாடுகூட 20 தனித்தனிச் சோதனைகளில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ள 64 சதவீத வாய்ப்பு உண்டு. புலி வருது, புலி வருது கதைதான்.

இனி ரகசியம். எதிரெதிர்த் தரப்புகள் எப்படி முடிவெடுக்கும் என்று ஆராயும் கணிதப் பிரிவான ஆட்டக் கோட்பாட்டில் இதற்கு 1966-லேயே கணிதவியலாளர் மைக்கேல் மாஷ்லர் விடை தந்துவிட்டார்: தன் கலப்பு உத்தியை, அதாவது எதை எவ்வளவு வாய்ப்போடு குலுக்கித் தேர்ந்தெடுப்பேன் என்ற திட்டத்தை, முன்கூட்டியே அறிவித்து, அதன்படியே நடக்கும் சோதனையாளருக்குத்தான் ஆதாயம். பிடிபடாமல் மீறினால் ஒரு நாட்டுக்கு லாபம் 1, பிடிபட்டால் நட்டம் 3 என்று கொண்டால், கண்டுபிடிக்கும் வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டியதுமே மீறுவது கட்டுப்படியாகாது. அந்த வாய்ப்பு எவ்வளவு என்று எதிராளிக்குத் தெரிந்தால்தானே அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அடங்குவார்? எத்தனை கலன், எந்தச் சூத்திரம், ஆண்டுக்கு எத்தனை திடீர் வருகை என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். எந்தக் கலன், எந்த நாள் என்பதை மட்டும் சொல்லக் கூடாது.

வரிசையும் முக்கியம். நாடு தன் கையிருப்புப் பட்டியலை முதலில் ஒப்படைத்து, அதை மாற்ற முடியாதபடி செய்த பிறகே குலுக்கல் நடக்க வேண்டும். குலுக்கல் முடிந்து எண்கள் தெரிந்தபின் பட்டியலைத் திருத்த இடம் கொடுத்தால், சீட்டு விழாத கலன்களிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 87 கலன்களைத் திறந்தும் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பூஜ்ஜியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்