செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தையற்கலைஞர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் கடை வைத்தும் வீட்டிலிருந்தபடியும் தைத்துவரும் நம் சங்கத்தாரின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

மே தினக் கொடியேற்றமும் ஆயுத பூசையும் வழக்கம்போல் நடைபெற்றன. நவம்பர் மாத இறுதியில் நடக்கவிருந்த கூட்டம் பெஞ்சல் புயல் மழையால் தள்ளிவைக்கப்பட்டது. தையல் தொழிலாளர் நலவாரியப் பதிவும் புதுப்பித்தலும் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்கப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்குச் சங்கத்தின் சார்பில் அஞ்சலி செலுத்தப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, தொழிலால் வரும் கழுத்துவலி, முதுகுவலி, கைவலி ஆகியவற்றைத் தடுப்பதற்காக நாம் மேற்கொண்ட முயற்சியே ஆகும். இதைச் "செயலாளரின் ஸ்டூல் திட்டம்" என்று சிலர் பேசிவருவதை அறிவேன். ஆகவே இது எப்படித் தொடங்கியது என்பதைப் பதிவு செய்வது என் கடமையாகிறது.

ஜூன் மாதம் சந்தா வசூலுக்காகக் கொருக்குப்பேட்டையில் ஓர் உறுப்பினரின் வீட்டுக்குச் சென்றேன். இருபது ஆண்டுகளாக நைட்டியும் உள்பாவாடையும் உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்கா அவர். தரையில் துணியை எட்டு மடிப்பாக விரித்து, ஒரு காலை மடித்துக் குந்தியபடி வெட்டிக்கொண்டிருந்தார். நான்கு வெட்டுக்கு ஒருமுறை கத்தரியைக் கீழே வைத்து வலக்கையை உதறினார். ஏனென்று கேட்டதற்கு, "ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப்போயி எழுப்பிவிட்டுடுது தம்பி, உதறினாத்தான் உயிர் வருது" என்றார். பெருவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும்தான் மரக்கின்றன, சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அந்தக் கத்தரியை வாங்கி நான் வெட்டிப் பார்த்தேன். அது துணியை வெட்டவில்லை, மென்றது.

மறுவாரம் அவரை அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதுதான், அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வரும் கார்ப்பல் டனல் என்னும் கோளாறு என்று எனக்குத் தெரியவந்தது. விரல்களை மடக்கும் நாண்களும் அந்த நரம்பும் மணிக்கட்டில் ஒரே குறுகிய வழியாகச் செல்கின்றன. இறுக்கிப் பிடித்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நாண்களின் உறை வீங்கி நரம்பை அழுத்துகிறது. கத்தரி மழுங்க மழுங்கப் பிடி இறுகும், பிடி இறுக இறுக நரம்பு நசுங்கும்.

எனவே முதல் வேலையாக, மாதத்தின் முதல் திங்களன்று சாணை பிடிப்பவரைச் சங்க வாசலுக்கு வரவழைத்தோம். அடுத்து, வெட்டுமேசைகளை அளந்தோம். நம் கடைகளில் பெரும்பாலான மேசைகள் 30 அங்குல உயரமே உள்ளவை. நின்று வெட்டுபவருக்கு மேசை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரவேண்டும், நம்மில் பலருக்கு அது 36 முதல் 38 அங்குலம் ஆகும். மேசையை மாற்றத் தேவையில்லை, நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்தால் போதும். தையல் மிஷினுக்குப் பின்கால்களில் மட்டும் ஒன்றரை அங்குலக் கட்டை கொடுத்தோம். பலகை தைப்பவரை நோக்கிச் சற்றே சாய்வதால் ஊசிமுனையைப் பார்க்கக் கழுத்தை அவ்வளவு குனிய வேண்டியதில்லை. ஊசியருகே சிறிய எல்இடி விளக்கு பொருத்தியதும் இதே காரணத்துக்காகத்தான், வெளிச்சம் போதாதவர் துணிமேல் குனிந்துவிடுகிறார். முதுகு சாயும் நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தவை, அவையும் சிலவே. பெயர் மட்டும் ஸ்டூல் திட்டம் என்று நின்றுவிட்டது வருத்தமளிக்கிறது.

இதெல்லாம் புதிதாக வந்த நாகரிகம், நம் தாத்தா காலத்தில் இல்லை என்று செயற்குழுவிலேயே ஒருவர் கூறினார். 1700ஆம் ஆண்டிலேயே பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர், காலை மடித்து அமர்ந்து தைக்கும் தையற்காரர்களுக்குக் கால் மரத்துப்போவதையும் இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்குவதையும் எழுதிவைத்திருக்கிறார். தாத்தாக்களுக்கும் இது இருந்தது, வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள்.

வலி வருமுன் தடுத்துக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழியும் இல்லை. எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது, அது மிக நல்ல செயல். நாள் முழுதும் உட்கார்ந்தே கெடுகிற நம்மில் பெரும்பாலோர் தனியாகவோ, பத்துப் பேருக்குக் குறைவான கடைகளிலோ வேலை செய்வதால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு நமக்குக் கிடையாது. விபத்து நிவாரணமோ ஒரே நாளில் நேரும் விபத்துக்கானது. பத்தாண்டுகளாகத் தேயும் கழுத்தெலும்புக்கு எந்தத் தேதியை எழுதி விண்ணப்பிப்பது?

இந்த நிலையில், ஆகஸ்டு மாதம் இயன்முறை மருத்துவர் ஒருவர் கட்டணமின்றி வந்து இரண்டு மணிநேரம் செலவிட்டபோது, 140 உறுப்பினர்களில் வந்தவர்கள் பதினொருவர். அவர்களுள் நால்வர் என் தெருக்காரர்கள். சீசன் வேலை என்றார்கள், நானும் அன்று பன்னிரண்டு ரவிக்கைகளை நிறுத்திவிட்டுத்தான் வந்தேன். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள் என்று அவர் சொன்னதற்கு, பீஸ் ரேட்டில் அது நட்டம் என்று ஓர் உறுப்பினர் பதிலளித்தார். 1918இல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, மதிய இடைவேளை போதவில்லை என்பதும் அவர்களின் குறைகளுள் ஒன்று. முதலாளியிடம் போராடி அவர்கள் கேட்ட ஓய்வை, நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள மறுக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். கட்டைக்கும் விளக்குக்கும் நாற்காலிக்கும் ஆன செலவு பொது நிதியிலிருந்தும் அன்பர்களின் நன்கொடையிலிருந்தும் ஈடுகட்டப்பட்டது, சிறிதளவு பற்றாக்குறை உள்ளது. மாதச் சந்தா 50 ரூபாய்தான். ஓராண்டுக்கு மேல் சந்தா செலுத்தாதவர்கள் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். கட்டை வாங்கிச் சென்றவர்களும் அவர்களில் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூட்டங்களுக்கு இடம் தந்த தலைவர் அவர்களுக்கும், கட்டைகளை அறுத்துக் கொடுத்த தச்சருக்கும், செயற்குழுவினருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில், வீட்டிலிருந்து தைக்கும் நாற்பது பெண் உறுப்பினர்களுக்கு மடக்கு வெட்டுமேசை செய்து தரத் திட்டம் உள்ளது. பத்தடி அறையில் குடும்பமே வாழும் இடத்தில் நிலையான மேசை போட முடியாது, சுவரில் கீல் வைத்து இரவில் மடக்கும் பலகைதான் பொருந்தும். முதல் பலகையைக் கொருக்குப்பேட்டை அக்காவின் வீட்டில் மார்ச் மாதம் பொருத்திவிட்டோம். அவருக்கு இரவில் கை மரப்பது குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. மீதிப் பலகைகளுக்குத் தச்சரிடம் முன்பணம் கொடுக்க வேண்டும். அடுத்து இப்பொறுப்புக்கு யார் வந்தாலும் அளவெடுத்த நோட்டை ஒப்படைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். நிலுவைச் சந்தாவை இன்றே செலுத்த விரும்புவோருக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்