உங்கப்பா பார்த்த வேலை

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? எனக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

"தாத்தா என்ன வேலை பார்த்தார்னு குட்டி கேட்கிறான், ரயில் ஓட்டினார்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று அன்றைக்குப் போனில் சொன்னாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பதில் பேச வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவனுக்குச் சரியாகவே சொல்லிக் கொடு, கண்ணு. தாத்தா ஊட்டி மலை ரயிலில் பிரேக்ஸ்மேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்றுதான் பெட்டிகளைத் தள்ளும். டிரைவருக்கு முன்னால் இருக்கிற பாதை தெரியாது. பாறை விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்ப்பது முதல் பெட்டியின் முகப்பில் நிற்கிற பிரேக்ஸ்மேன்தான். அவர் கொடியை நீட்டினால் அடுத்த பெட்டிக்காரர் நீட்டுவார், அப்படியே இன்ஜின் வரைக்கும் போகும். பச்சை என்றாலும் சிவப்பு என்றாலும் அதே வழிதான். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற பல் பட்டையைப் பிடித்துத்தான் இன்ஜினே ஏறும். அப்புறம் அதே சரிவில் இறங்கி வர வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கில் கை வைத்தபடி ஒரு ஆள். ஊட்டி வரைக்கும் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். இந்தக் கணக்கெல்லாம் அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்கும் மனப்பாடம்.

வேலையைப் பற்றி அவர் பேசியதே அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்பார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி மழை பிடித்துக்கொண்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும். குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து அத்தனை பேர் செத்துப்போனபோது, அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. உனக்கும் ஞாபகம் இருக்கும்.

2005-இல் யுனெஸ்கோ நம் ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தச் செய்தியை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எதையும் அப்படிப் படித்து நான் கேட்டதில்லை. நீ பத்தாவதில் வாங்கிய மார்க்கைக்கூட என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்ன மனுஷன் அவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத்தான்.

ரயில்வே பாஸில் ராமேஸ்வரம் போனோமே, அப்போதுகூட ரயில் திடீரென்று நின்றால் அவர் பெர்த்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாம் எல்லோரும் தூங்குவோம். மறுபடி கிளம்பிய பிறகுதான் படுப்பார்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் போன பிறகு நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. பென்ஷன் புத்தகம், பேங்க் பாஸ் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே ஃபைலில். எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்க மறக்காதே என்று அடிக்கோடு வேறு. குடும்ப பென்ஷன் தடையில்லாமல் வருகிறது. "நீ தனியா இருந்தா இதெல்லாம் தெரியணும்" என்று முன்னே எப்போதாவது பேச்செடுப்பார், நான் கோபப்பட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவரை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது, கண்ணு.

வருஷத் திதியை பவானி கூடுதுறையில் கொடுக்கலாம் என்று பெரியப்பா சொல்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ இரண்டு நாள் முன்னாடியே சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்துவிடு. குட்டியைக் கட்டாயம் கூட்டி வா. திதி முடிந்த மறுநாள் காலை 7.10 வண்டியில் அவனை மலைக்கு அழைத்துப் போகலாம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் சொல்லி இப்போதே போடச் சொல். முதல் பெட்டியாகக் கிடைக்குமா என்று பார். கொடி பிடித்து நிற்கிறவரை அவன் பார்க்க வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு உங்கப்பாவைத் தெரியும், அவனிடம் அவர்களே பேசுவார்கள்.

டிக்கெட் போட்டதும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா