வட சென்னைச் சுவரில் கரியையும் வரையுங்கள்

மாநகராட்சிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கும் வணக்கம்.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று வேலைகள் நடக்கின்றன, நல்லது. கூடவே சுவரோவியங்களும் வருகின்றன. நான் பார்த்தவரை குத்துச்சண்டை, கேரம், கால்பந்து, மீன்பிடிப் படகு, அப்புறம் கானா. எல்லாம் நம்ம ஏரியாவுடையதுதான். ஆனால் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டதும் இதை இருமவைத்ததும் நிலக்கரி. அதை ஒரு சுவரிலும் காணோம்.

ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி இந்தக் கரையில்தான் வந்து இறங்குகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல் ஓடத் தொடங்கி 2017ல் மூடப்பட்டது, 450 மெகாவாட். சென்னை ஹார்பரில் கரி இறக்குவது 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. கொடியில் காயப்போட்ட துணி கருத்துப்போய் மறுபடி அலசிக்கொண்டிருந்த ராயபுரத்துப் பெண்களுக்கு அப்பாடா என்று இருந்தது, கரி லாரி ஓட்டியவர்களுக்குப் பிழைப்பு போனது, சில வீடுகளில் இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. கரி எங்கும் போய்விடவில்லை, எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது, சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்தது. இதை எப்படி வரைவீர்கள்? தசை முறுக்கிய ஆளும் கையில் மண்வெட்டியுமாக வரைந்துவிடாதீர்கள் என்பதுதான் என் பயம். மெரினா உழைப்பாளர் சிலையிலும் நாலு ஆண்கள்தான், ஒரு பெண் கூட இல்லை.

இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் சட்டன் மேனர் நிலக்கரிச் சுரங்கம் 1991ல் மூடியது. அங்கே சிலை வைக்க வந்த ஸ்பெயின் சிற்பி ஜாவ்மே பிளென்ஸா, முதலில் சுரங்க விளக்கு வடிவத்தைக் காட்டினார். அங்கே வேலை செய்த பெரியவர்கள் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் 2009ல் நின்றது கண்மூடிய ஒரு பெண்ணின் முகம், 20 மீட்டர் உயரம், கரிக்கு நேரெதிராக வெள்ளை வெளேரென்று. எனக்கு அந்த முகம் அவ்வளவாகப் பிடிக்காது, அது வேறு விஷயம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேல்ஸில் சிக்ஸ் பெல்ஸ் சுரங்க வெடிப்பில் 1960ல் இறந்த 45 பேரின் பெயர்களும் அங்குள்ள நினைவுச் சிலையில் இருக்கின்றன.

இங்கேயும் பெயர்கள் வேண்டும். நிரந்தர ஊழியர் பட்டியல் எங்காவது கோப்பில் கிடைக்கும், காண்ட்ராக்ட் கூலிக்கு வந்தவர்களுடையதை வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. ஆற்றில் மீன் குறைந்துபோன குப்பங்களையும் விட்டுவிடாதீர்கள். பெயின்ட் போதாது, இந்த உப்புக் காற்றுக்கு இரும்பும் தாங்காது, கருங்கல்லில் வெட்டுங்கள். நிலக்கரியில் லாபம் பார்க்கும் எந்தக் கம்பெனியின் லோகோவும் அதில் வேண்டாம்.

டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே ராயபுரத்தில் ஒரு கூட்டம், எண்ணூரில் ஒரு கூட்டம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், மற்ற நாள் வந்தால் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
ராயபுரத்துக்காரன் ஒருவன்