கதவைத் தட்டியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இன்று காலை எட்டரை மணிக்கு மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். நெதர்லாந்தில் நான்கு வயது நிறைந்ததும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். அவனுக்குப் போன வாரம்தான் நிறைந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாகக் காலை முழுக்க வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். துவைக்க வேண்டியது, மடிக்க வேண்டியது எல்லாம் கிடக்கிறது. அதற்கு முன்னால் இந்த நன்றி மடலை எழுதிவிட வேண்டும்.

நான் திண்டுக்கல்காரி. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் 6 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணவரின் வேலைக்காக நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வந்தோம். இங்கே எனக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் குழந்தைக் காப்பகச் செலவுக்கு அரசு தரும் உதவித்தொகை, பெற்றோர் இருவரும் வேலையிலோ படிப்பிலோ இருந்தால்தான் கிடைக்கும். வேலை தேட வேண்டுமானால் பிள்ளையைக் காப்பகத்தில் விட வேண்டும். காப்பகத்துக்குக் கட்ட வேண்டுமானால் வேலை வேண்டும். எங்களால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் "வீட்ல சும்மாதானே இருக்கே" என்பார்கள். நாலு வருடமாகக் கேட்டும் அந்த 'சும்மா' எனக்குப் பழகவில்லை.

முதல் நன்றி, பிரசவம் முடிந்து வீடு வந்த அன்றே வந்து நின்ற அந்தப் பெண்மணிக்கு. 'க்ராம்சோர்க்' என்று இங்கே ஓர் ஏற்பாடு. பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளை பிறந்த வீட்டுக்கே சுமார் 8 நாள் வந்து தாயையும் சேயையும் பார்த்துக்கொள்வார். காய்ச்சல் பார்ப்பது, எடை பார்ப்பது, பால் கொடுக்கப் பழக்குவது, கழிவறையைக் கழுவி விடுவது வரை எல்லாம் அவர்தான். அப்போது அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கூடக் கிடையாது. அம்மா கீழே உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியபோது இவரும் அந்தக் குளியலறை ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். தடுக்கவில்லை. தண்ணீரின் சூட்டை மட்டும் முழங்கையால் தொட்டுப் பார்த்தார். மறுநாள் தானே வந்து காலை நீட்டி உட்கார்ந்து, எப்படிக் குளிப்பாட்டுவது என்று அம்மாவிடம் காட்டித்தரச் சொன்னார்.

அம்மாவுக்கு விசா 90 நாள்தான். நவம்பர் கடைசியில் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு வந்த டிசம்பரை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். பிள்ளை சரியாக ஐந்து மணிக்கு அழ ஆரம்பித்தால் ஏழு வரை ஓயமாட்டான். அப்போது ஊரில் மணி ஒன்பதரை. அம்மா மாத்திரை போட்டுப் படுத்திருப்பார். அக்கா பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள். கணவர் வர ஏழாகும். பேச ஆளில்லாத அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு அந்நிய நாடு.

அந்த நேரத்தில் கதவைத் தட்டியவர் யாழ்ப்பாணத்து அக்கா. 80களில் அகதியாக வந்து, இங்கேயே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கடையில் ஒருமுறை பார்த்துப் பேசியதுதான் பழக்கம். இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போவதானாலும் நாள் கேட்டு, மணி கேட்டுத்தான் போவார்கள். 'அஃப்ஸ்ப்ராக்' என்பார்கள். அக்கா எதையும் கேட்கவில்லை. "பிள்ளை, கதவைத் திறவும், நான்தான்" என்று குரல் வந்தது. கையில், பிள்ளை பெற்றவளுக்கென்று அரைக்கிற சரக்குத்தூள் போட்ட மீன்குழம்பு. என் தலையைப் பார்த்தவர், "நீர் போய் முழுகிப்போட்டு வாரும். பெடியனை நான் வச்சிருக்கிறன்" என்றார். நான்கு நாளாகத் தலை வாராமல் இருந்தேன். வெந்நீரில் நின்றுகொண்டு வெகு நேரம் அழுதேன். வெளியே வந்தபோது அவன் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அக்கா, அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் எத்தனை முறை வந்தீர்கள் என்று எண்ணவில்லை. எண்ணினால் பாவம்.

அடுத்து எதிர்வீட்டு அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது. இதை நானே அவருக்குச் சொல்லிக் காட்டப் போகிறேன். மகனுக்குப் பதினோரு மாதம். மாடியில் தூங்க வைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்க இறங்கினேன். காற்றில் வாசல் கதவு சாத்திக்கொண்டது. இங்கே சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. போன் உள்ளே, சாவி உள்ளே, பிள்ளை உள்ளே. மேலே அவன் விழித்து அழுவது கேட்கிறது. நான் ஓடிப்போய் எதிர்வீட்டில் இடித்தேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சோடா பாட்டிலைக் கத்தரித்துத் தகடு மாதிரி எடுத்துக்கொண்டு வந்தார். கதவைக் காலால் முட்டிக்கொண்டு, இடுக்கில் அதைச் செருகி மேலும் கீழும் இழுத்தார். பத்து நிமிடம் இருக்கும். 'டக்'கென்று திறந்தது.

அன்று சாயங்காலம் டைரியோடு வந்தார். "செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பதினொன்றரை வரை பிள்ளை என்னிடம். எழுதிவிட்டேன்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு மனம் சுணங்கியது. பாசத்துக்கும் டைரியா என்று நினைத்தேன். அது தவறு. மூன்று வருடம். மழை, பனி, அவருடைய முட்டிவலி எதுவும் அந்தச் செவ்வாயை மாற்றவில்லை. வருவாரா மாட்டாரா என்று நான் ஒரு நாளும் வாசலைப் பார்த்ததில்லை. முதல் சில வாரங்கள் தூங்கினேன். பிறகு அந்த நேரத்தில் நூலகத்தில் டச்சு பேசிப் பழகப் போனேன். அங்கே என் தப்புகளைப் பொறுமையாகத் திருத்திய தொண்டர்களுக்கும் நன்றி.

சூரினாம் கடைக்காரம்மாவை விட்டுவிடக் கூடாது. சூரினாம், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளின் வழியில் வந்தவர் இவர். முருங்கைக்காய் வந்தால் எனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைப்பார். நான் காய் பொறுக்குகிற வரை பிள்ளை அவர் இடுப்பில்தான் இருப்பான்.

என் கணவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் வந்த அன்றே, நான் கேட்காமல், என் கணக்கில் ஒரு தொகை வந்து விழும். எதற்கு என்று அவர் சொன்னதில்லை, செலவை விசாரித்ததும் இல்லை. 6 வருடம் சொந்தச் சம்பளம் வாங்கியவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எதிர்வீட்டு அம்மாவுக்கு அடுத்த மாதம் முட்டியில் அறுவை சிகிச்சை. போன வாரம் தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். செவ்வாய் பத்து மணி என் டைரியில் இருக்கிறது. மற்ற நாட்களில் கேட்காமல் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
ஐந்தோவனிலிருந்து ஓர் அம்மா