சமன்பாடு மட்டுமல்ல, குளிரூட்டியும் கேபிளும்

ஆசிரியருக்கு,

தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023-இல் 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதலாகி, கணினிப் பிரிவின் மையமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தபின், இவ்வூர்த் தமிழ்ப் பெற்றோர் பலர் குவாண்டம் கணினி ஆய்வு வேலை பற்றி விசாரிக்கிறார்கள். கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதும் வேலை என்றே நினைக்கிறார்கள். கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு. அதை மீக்கடத்தியால் (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்) செய்யும் ஆய்வகத்தில் பெரும்பொழுது குளிரூட்டியோடும் கேபிளோடும்தான் போகும்.

இந்தக் கியூபிட்டின் அதிர்வெண் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ். அந்த ஆற்றல் ஏறத்தாழ 0.24 கெல்வின் வெப்பநிலைக்குச் சமம் (0 கெல்வின் என்பது சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்). சூடு அதை நெருங்கினாலே கியூபிட்டின் நிலை குலையும். எனவே சிப்பை அதற்கும் வெகு கீழே, 10 முதல் 20 மில்லிகெல்வினுக்கு (ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகெல்வின்) இறக்க வேண்டும். சிப் மட்டும் குளிர்ந்தால் போதாது. மேலிருந்து இறங்கும் கேபிள் அறைவெப்ப இரைச்சலைச் சுமந்து வரும். அதை அடக்க 4 கெல்வின், 100 மில்லிகெல்வின், சிப் இருக்கும் கடைசித் தட்டு எனக் குளிரூட்டியின் மூன்று தட்டுகளிலும் வழக்கமாக 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலின் திறனை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் கருவி) பொருத்துவார்கள். கனெக்டர் ஒன்று தளர்ந்திருந்தால் பெரும்பாலும் குளிர்ந்த பிறகே தெரியவரும். குளிர்விக்க இரண்டு நாள், திறக்கச் சூடாக்க இரண்டு நாள், வாரம் போயிற்று!

குளிரூட்டியில் சுற்றும் ஹீலியம் கலவையில் சிறிது காற்று கசிந்தாலும் நுண்குழாயில் உறைந்து அடைத்துவிடும். அந்தக் காற்றை முன்கூட்டியே உறையவைத்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் பொறியை நிரப்ப மறந்தால் அதுதான் கதி. மின்வெட்டு இன்னொரு தலைவலி: குளிரூட்டியின் கம்ப்ரசருக்கும் அதைக் குளிர்விக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே ஜெனரேட்டர் வேண்டும், கணினிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துப் பயனில்லை.

குவாண்டம் இயற்பியலோடு மைக்ரோவேவ் அளவீடு, வெற்றிட பம்ப், பைத்தான் நிரல்மொழி மூன்றையும் மாணவர்கள் பழகட்டும். உங்கள் கல்விப் பக்கம் இவற்றையும் எழுதலாமே.

குவாண்டம் ஆய்வாளர்கள் சிலர்,
மல்லேஸ்வரம், பெங்களூரு